பொய்க்காசும் மெய்க்காசும்: மண்ணின் சாட்சியம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரண்டு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசு ஒன்று. சொல்லும் செயலும் ஒத்துநிற்கும் நேர்மை மற்றொன்று. காசின்மீது பொறிக்கப்பட்ட முத்திரை, அதன் எடைக்கும் மாற்றுக்கும் அரசன் தந்த உறுதிமொழி. அந்த உறுதிமொழி பொய்யாகும்போது காசும் கெடுகிறது, நேர்மையும் கெடுகிறது. காசு தோன்றிய நாள் தொட்டே கள்ளக்காசும் தோன்றிவிட்டது என்பது வரலாறு காட்டும் உண்மை.

ஆனால் மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து வெளிவரும் காசிலும் அணிகலனிலும் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. அங்கே ஏமாறுபவர் கடைக்காரர் அல்லர், வரலாற்றாசிரியர். ஒரு பொய்க்காசு இல்லாத அரசனை உண்டாக்கிவிடக்கூடும். ஒரு மெய்க்காசைப் பொய்யென்று தள்ளினால், இருந்த அரசன் இல்லாமற் போய்விடக்கூடும். இவ்விரு தவறுகளும் உண்மையிலேயே நேர்ந்தவை. மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய மனிதர் கண்ட வழிகள் எவை, அவற்றுள் இறுதியாகத் துணைநின்றது எது என்பதை வரலாற்றுச் சான்றுகளின் துணையோடு காண்பது பயன் தரும்.

வண்ணக்கரும் ஏதென்சு நகரத்துச் சோதகரும்

பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்து மாற்றுரைக்கும் தொழில் பழமையானது. அத்தொழிலோரைச் சங்க காலத் தமிழர் 'வண்ணக்கர்' என்றனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனப் புலவர் சிலரின் பெயர்களிலேயே அத்தொழிற்பெயர் நிலைத்திருக்கிறது. புகழூர்க் குகைக் கல்வெட்டில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் இடம்பெறுகிறான். வள்ளுவர் மனிதரின் பெருமை சிறுமைகளை அளக்கக் கட்டளைக்கல்லை உவமையாக்கினார். பிற்காலக் கல்வெட்டுகளில் வரும் 'துளைநிறை செம்பொன்', 'தீப்போக்குச் செம்பொன்' என்னும் தொடர்கள், துளையிட்டும் தீயிலிட்டும் பொன்னைச் சோதித்த வழக்கத்தை உணர்த்துகின்றன. மேற்பூச்சை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே துளையிடுதலின் நோக்கம்.

கிரேக்க நாட்டிலும் இதே கவலை இருந்தது. ஏதென்சு நகரத்துச் சந்தைவெளியில் 1970ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டு அகழ்ந்தெடுக்கப்பட்டது. கி.மு. 375/374இல் நிக்கோபோன் என்பவர் முன்மொழிந்த சட்டம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அரசுக்குச் சொந்தமான அடிமை ஒருவர் நாணயச் சோதகராகச் சந்தையில் அமர்ந்திருக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்து மேலே வெள்ளி போர்த்த காசு எனக் கண்டால் அதை உடனே குறுக்கே வெட்டிவிட வேண்டும். வெட்டிய காசு 'தேவர்களின் அன்னை' என்னும் தெய்வத்தின் உடைமையாகும். சோதகர் கடமை தவறினால் ஐம்பது கசையடி. நல்லதென்று அவர் ஏற்ற காசை வாங்க மறுக்கும் வணிகரின் சரக்குப் பறிமுதலாகும். ஒரு மனிதரின் கண்ணையும் கையையும் நம்பி ஒரு நகரத்தின் வணிகமே நடந்தது என்பதை இச்சட்டம் காட்டுகிறது.

காசை வெட்டும் வழக்கத்துக்குத் தமிழகத்திலும் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. அவை பொய்க்காசுகள் அல்ல; நல்ல பொன்னாலானவை. அவற்றை ஏன் வெட்டினர் என்பதற்கு அறிஞர்கள் வெவ்வேறு விடைகள் கூறுகின்றனர். காசாக மீண்டும் புழங்காமல் வெறும் பொன்னாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினர் என்பது ஒன்று. உள்ளே பொன்தானா எனச் சோதிக்க வெட்டினர் என்பது மற்றொன்று. 501 காசுகளும் ஒரே தொகுதியாகக் கிடைத்ததனால்தான் இத்தகைய வினாவே எழ முடிந்தது. தனித்தனியே கடைத்தெருவில் விற்கப்பட்டிருந்தால், வெட்டுத்தழும்பு எவனோ ஒருவன் செய்த சேதமாகத்தான் தோன்றியிருக்கும்.

சந்தைப் பொய்யும் பேழைப் பொய்யும்

பழங்காலக் கள்ளக்காசு சந்தையை ஏமாற்றச் செய்யப்பட்டது. செம்புக்கருவின்மீது வெள்ளித்தகடு போர்த்திய காசும், களிமண் அச்சில் வார்த்தெடுத்த காசும் இவ்வகையின. பிரித்தானியாவில் உரோமர் காலத்துக் களிமண் வார்ப்பச்சுகள் பல இடங்களில் கிடைத்துள்ளன. இத்தகைய காசு பொய்யானதே, ஆயினும் தொன்மையானது. ஒரு காலத்தில் நல்ல காசு எவ்வளவு அரிதாயிருந்தது, மக்கள் எதை ஏற்றுக்கொண்டனர் என்பதை அது சொல்லும். ஆகவே அது வரலாற்றுச் சான்றுதான்.

ஐரோப்பாவில் பழம்பொருள் சேர்க்கும் வேட்கை பெருகிய பிறகு வேறொரு பொய் பிறந்தது. அது சந்தைக்காக அன்று, செல்வரின் பேழைக்காகச் செய்யப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் பாதுவா நகரத்துக் கைவினைஞர் ஜோவன்னி கவீனோ உரோமப் பதக்கங்களைப் போன்றவற்றை அழகுறச் செய்தார். அவருக்குப்பின் அக்கலையில் பெரும்பெயர் எடுத்தவர் ஜெர்மானியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர். 1830இல் இறந்த இவர் முந்நூற்றுக்கு மேற்பட்ட பழங்காசுகளுக்குத் தாமே எஃகு அச்சுகள் வெட்டினார். வார்ப்பதை விடுத்து, பழையோர் செய்தது போலவே அச்சடித்தார். புதுக்காசின் பளபளப்பைப் போக்க அவர் கையாண்ட உத்தி வியப்புக்குரியது. இரும்புத்தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் காசுகளையிட்டு, அதைத் தம் வண்டியின் அச்சோடு பிணைத்து நாட்டுப்புறச் சாலைகளில் ஓட்டிச்செல்வாராம். பல நூற்றாண்டுத் தேய்மானத்தைச் சில மைல் குலுக்கல் தந்துவிட்டது.

பெக்கரின் கைத்திறனை ஆராய்ந்து தனிநூல் எழுதியவர் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில். புதுக்கோட்டைப் பொற்காசுகளை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவரும் அவரே. பொய்யை நுணுகி அறிந்தவரிடமே மெய்யை மதிப்பிடும் பணி வந்து சேர்ந்தது பொருத்தமே.

தேம்சு ஆற்றுச் சேற்றில் விளைந்த பதக்கங்கள்

பொருளைப் பொய்யாகச் செய்தால் மட்டும் போதாது, அது கிடைத்த கதையையும் செய்ய வேண்டும் என்பதை இலண்டன் நகரத்து ஏழைகள் இருவர் கண்டுகொண்டனர். வில்லியம் ஸ்மித், சார்ல்ஸ் ஈட்டன் என்னும் அவ்விருவரும் தேம்சு ஆற்றுச் சேற்றில் கிடைப்பதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள். 1857 அளவில் ஷாட்வெல் பகுதியில் கப்பல்துறை தோண்டப்பட்டபோது, ஈயம் கலந்த உலோகத்தாலான விந்தையான பதக்கங்களும் சிறு உருவங்களும் அவர்களிடமிருந்து விற்பனைக்கு வந்தன. இடைக்காலத்து யாத்திரிகர்களின் சின்னங்கள் என அவை விலைபோயின. உண்மையில் அவற்றை அவ்விருவரும் தாமே வார்த்து, அமிலத்தில் தோய்த்துப் பழமையேற்றியிருந்தனர். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது; ஆதலால் பதக்கங்களிலிருந்த எழுத்துகள் எம்மொழியிலும் பொருள் தரவில்லை.

இங்கே கருதத்தக்கது அறிஞர்கள் வாதிட்ட முறை. அவை போலி என்று சிலர் 1858இலேயே கூறினர். ஆனால் தொல்பொருள் அறிவில் புகழ்பெற்ற சார்ல்ஸ் ரோச் ஸ்மித் அவற்றை மெய்யென்றார். இத்துணை அலங்கோலமான பொருளை எந்த மோசக்காரனும் செய்யமாட்டான். ஆகவே இவை மெய்யானவை என்பது அவர் தரப்பு வாதம். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அதனால் கிடைத்த விளம்பரத்தில் விற்பனை பெருகியது. 1861இல் சார்ல்ஸ் ரீட் என்பவர் அவர்களுடைய வார்ப்பச்சுகளையே கைப்பற்றிக் காட்டியபின்தான் உண்மை வெளிப்பட்டது. 'இவ்வளவு கொச்சையானது பொய்யாக இருக்க முடியாது' என்னும் அவ்வாதம் பிறிதோர் இடத்தில் மீண்டும் தலைகாட்டும்.

லூவர் அருங்காட்சியகத்தின் மணிமுடி

கொச்சைத்தன்மை ஏமாற்றியது போலவே பேரழகும் ஏமாற்றியது. பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகம் 1896இல் ஒரு பொன்முடியை 200,000 பிராங்கு விலைக்கு வாங்கியது. கருங்கடற்கரையிலிருந்த ஒல்பியா என்னும் கிரேக்க நகரத்தார், சைதபர்னிசு என்னும் அயற்குல மன்னனுக்கு அளித்த காணிக்கை அது என்று முடியிலிருந்த கிரேக்க எழுத்துகள் கூறின. அம்மன்னனுக்கு நகரத்தார் காணிக்கை தந்த செய்தி, ஒல்பியாவில் கிடைத்த மெய்யான கல்வெட்டொன்றில் முன்னரே இருந்தது. விற்றவர்களோ அப்பழநகரத்துக்கு அருகிலுள்ள ஒச்சாக்கோவைச் சேர்ந்த வணிகச் சகோதரர்கள். பொருளும் கல்வெட்டும் ஊரும் ஒன்றோடொன்று பொருந்தின. ஐயுற இடமில்லை என்றே பலரும் கருதினர்.

அதே ஆண்டில் ஜெர்மானியத் தொல்லியலறிஞர் அடோல்ப் ஃபுர்ட்வெங்லர் அது போலி என்று துணிந்து எழுதினார். அவர் கண்ட குறைகளுள் ஒன்று மிக எளியது. ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த மெல்லிய பொன்தகட்டில் நெளிவுகள் இருந்தன. ஆனால் அவை உருவங்களற்ற வெற்றிடங்களிலேயே இருந்தன. உருவங்களும் எழுத்துகளும் பழுதின்றி இருந்தன. காலம் அவ்வாறு தேர்ந்தெடுத்துச் சிதைப்பதில்லை. தன் வேலைப்பாட்டின்மீது பரிவுள்ள கை மட்டுமே அவ்வாறு சிதைக்கும்.

ஏழாண்டுகள் அக்குரல் பொருட்படுத்தப்படவில்லை. 1903இல் ஒடெசா நகரத்துப் பொற்கொல்லர் இஸ்ரேல் ரூகொமோவ்ஸ்கி பாரிசுக்கு வந்து, அம்முடியைச் செய்தவர் தாமே என்றார். ஒரு பேராசிரியருக்கான பரிசு என்று சொல்லித் தம்மிடம் அதைச் செய்வித்ததாகவும், கூலியாக 1,800 ரூபிள் பெற்றதாகவும் கூறினார். மூலத்தைப் பாராமல் அதன் ஒரு பகுதியை அவர் மீண்டும் செய்துகாட்டிய பின் ஐயம் தீர்ந்தது. அவர் மோசக்காரர் அல்லர், உயர்ந்த கலைஞர். பொய் அவருடைய உளியில் இல்லை. அம்முடி ஒல்பியா மண்ணிலிருந்து வந்ததாகச் சொன்ன வாயில் இருந்தது. அருங்காட்சியகம் வாங்கியது பொன்முடியை அன்று, ஒரு கதையை.

பொருளே பேசும் குறிகள்

இத்தகைய அனுபவங்களிலிருந்து நாணயவியலாரும் அணிகலன் ஆய்வாளரும் சில குறிகளைத் தொகுத்துக்கொண்டனர். அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் உள்ள வேறுபாடு முதலாவது. அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியால் அடிக்கும்போது உலோகம் நசுங்கி விளிம்பை நோக்கிப் பாய்கிறது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் எழுத்துகள் மழுங்கியிருக்கும். பரப்பில் காற்றுக்குமிழிகளின் நுண்குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி அச்சின் இரு பாதிகள் கூடிய கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ காணப்படும். இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்தால் உருவம் ஒத்திருக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் ஒரே சிராய்ப்பும் ஒரே பள்ளமும் இரண்டிலும் இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று வார்க்கப்பட்டது அல்லது இரண்டும் மூன்றாவதொன்றின் வார்ப்புகள் என்று கொள்ளவேண்டும்.

எடை இரண்டாவது குறி. இங்கிலாந்தின் வயல்களில் அடிக்கடி அகப்படும் ஒரு போலியை இது எளிதில் காட்டிக்கொடுக்கும். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் 'மண்வெட்டிக் கினி' எனப்படும் பொற்காசு 8.4 கிராம் அளவு எடையுள்ளது. சீட்டாட்டத்தில் பணயக் கணக்குக்காக அதைப் போலவே பித்தளையில் வில்லைகள் பின்னர்ப் பெருமளவில் செய்யப்பட்டன. மண்ணிலிருந்து எடுத்தவர் முதற்கணம் பொன்னென்று மகிழ்வர்; தராசில் இட்டால் மகிழ்ச்சி அடங்கும்.

அணிகலனில் கம்பியைப் பார்க்கவேண்டும். பழங்காலக் கொல்லர் மெல்லிய தகட்டுப்பட்டையை முறுக்கி உருட்டிக் கம்பி செய்தனர். அதன் மேல் சுருள்கோடு ஓடும். துளைத்தகட்டின் வழியே இழுத்த பிற்காலக் கம்பியில் நீளவாக்கில் இணைகோடுகள் இருக்கும். ஆற்றுமணலில் அரித்தெடுத்த பொன்னில் ஆஸ்மியம், இரிடியம், ருத்தேனியம் ஆகியன கலந்த வெண்துகள்கள் உருகாமல் நிற்பதுண்டு. இக்காலத்து ஆலைகளில் தூய்மை செய்த பொன்னில் அவற்றைக் காண்பது அரிது. இவையெல்லாம் பயனுள்ளவையே. ஆயினும் பழைய பொன்னை உருக்கிப் புதுநகை செய்வோரையும், பெக்கர் போல அச்சடிப்போரையும் இவை மட்டும் கொண்டு பிடித்துவிட முடியாது.

கருவி வந்த காலம்

மண்ணுக்குள்ளிருக்கும் உலோகத்தை மின்காந்த முறையால் அறியும் கருவி, பழம்பொருள் தேடப் பிறந்ததன்று. 1881இல் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் அத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்திப் பார்த்தார், முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் போலந்துப் படையதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கருவி, கண்ணிவெடிகளை அறியப் பயன்பட்டது. போருக்குப்பின் இக்கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது. நிலத்தை உழுத உழவனின் கொழுமுனையில் தற்செயலாகத் தட்டுப்பட்ட பழங்காசு, இப்போது ஓய்வுநாள் வேட்டையின் இலக்காயிற்று.

கருவிக்கு உலோகம் தெரியும், காலம் தெரியாது. அதன் ஒலி செப்புக்காசுக்கும் புட்டிமூடிக்கும் பொதுவானது. ஒலி கேட்ட இடத்தில் தோண்டுபவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே வரலாறு வாழ்வதும் சாவதும். இதையுணர்ந்த பிரித்தானிய அரசு 1996இல் புதையல் சட்டத்தை இயற்றியது. கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும், அருங்காட்சியகம் அதைப் பெற விரும்பினால் மதிப்பீட்டின்படி வெகுமதி தரப்படும் என்றும் வகுத்தது. சட்டத்தின் வரம்புக்குள் வாராத சிறுபொருள்களையும் பதிவுசெய்ய 1997இல் தொடங்கிய திட்டத்தில் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. பொருள் எது என்பதோடு, எங்கே, எவற்றோடு கிடைத்தது என்பதும் அதில் பதியப்படுகிறது.

நூறாண்டு காத்திருந்த பேரரசன்

அத்தகைய பதிவின் அருமையை ஒரு காசு விளக்கும். பிரான்சு நாட்டில் நாந்து நகருக்கு அருகே 1900ஆம் ஆண்டு ஒரு காசுத்தொகுதி கிடைத்தது. அதிலொரு காசில் கதிர்முடி சூடிய தலையும், 'பேரரசர் டொமிடியானஸ்' எனப் பொருள்படும் எழுத்தும் இருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் ஆண்ட டொமிஷியன் அல்லர் அவர். காசின் தோற்றம் கி.பி. 270ஐ ஒட்டியது. அக்காலத்தில் அப்பெயரில் ஒரு பேரரசர் ஆண்டதாக எந்த நூலும் கூறவில்லை. அப்பெயருடைய படைத்தலைவன் ஒருவனையும், கலகம் செய்ய எண்ணியதாக ஐயுறப்பட்ட ஒருவனையும் பழைய நூல்கள் ஓரிரு சொற்களில் சுட்டுகின்றன. ஆகவே வேறு பேரரசரின் காசில் எவரோ எழுத்தைத் திருத்தி வெட்டிய மோசடி என்று அதைப் பலர் ஒதுக்கினர். டொமிடியானஸ் வரலாற்றினின்று நீக்கப்பட்டார்.

2003இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வட்டாரத்துச் சால்குரோவ் ஊரில், கருவியோடு வயலில் தேடிய ஒருவருக்கு ஒரு மட்பானை கிடைத்தது. உள்ளே ஏறத்தாழ ஐயாயிரம் காசுகள் களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவர் அவற்றைப் பிரித்தெடுக்க முயலவில்லை, கழுவவில்லை, ஒட்டிக்கிடந்த நிலையிலேயே ஒப்படைத்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தார் அவற்றைப் பொறுமையாகப் பிரித்தபோது, 2004இல் ஒரு காசில் மீண்டும் அதே பெயர் தோன்றியது. பிரான்சில் கிடைத்த காசும் இதுவும் இருபுறமும் ஒரே அச்சுகளில் அடிக்கப்பட்டவை.

கடலுக்கு இருமருங்கும், நூறாண்டு இடைவெளியில், வெவ்வேறு தொகுதிகளுள் களிம்பால் பிணைந்து கிடந்த இரு காசுகளை எந்த மோசக்காரனும் அவ்வாறு புதைத்திருக்க இயலாது. ஏறத்தாழ கி.பி. 271இல், உரோமினின்று பிரிந்து நின்ற காலியப் பேரரசில் மிகச் சிறிது காலம் அரியணை ஏறிய ஒருவர் வரலாற்றுக்குத் திரும்பினார். அவரை மீட்டது பளபளப்போ எழுத்தழகோ அன்று. உடன்கிடந்த ஐயாயிரம் எளிய காசுகள். அத்தொகுதியைக் கண்டவர் அவசரப்பட்டு உடைத்து, நல்லதொன்றைத் தனியே விற்றிருந்தால், அது மற்றுமொரு போலியெனவே தள்ளப்பட்டிருக்கும்.

தீர்ப்பில்லாத வழக்கு

இதற்கு நேர்மாறான நிலையில் நிற்பது ஸ்பான்சியானஸ் என்னும் பெயர் பொறித்த பொற்காசு. 1713இல் திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட சில காசுகள் வியன்னா அரசவையின் தொகுப்புக்கு வந்தன. அவற்றின் எழுத்துகள் விபரீதமானவை, உருவங்கள் கொச்சையானவை, ஸ்பான்சியானஸ் காசின் பின்புறம் உரோமக் குடியரசுக் காலத்துப் பழங்காசொன்றைப் பின்பற்றியது, மேலும் அவை அடிக்கப்படாமல் வார்க்கப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாணயவியலறிஞர் ஹென்றி கோஎன் அவற்றை மட்டமான போலிகள் என்று தீர்த்தார்.

2022இல் பால் பியர்சனும் உடனாய்வாளர்களும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஹண்டேரியன் அருங்காட்சியகத்திலுள்ள அத்தொகுதிக் காசுகள் நான்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். பரப்பிலுள்ள நுண்சிராய்ப்புகள் பலகாலம் கைமாறிப் புழங்கியதைக் காட்டுவதாகவும், அவற்றின்மேல் படிந்து இறுகிய மண், அவை நெடுங்காலம் புதைந்திருந்ததைக் காட்டுவதாகவும் எழுதினர். உரோமினின்று துண்டிக்கப்பட்ட டேசியா மாநிலத்தில் 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட படைத்தலைவரே ஸ்பான்சியானஸ் என்பது அவர்கள் முடிவு. நாணயவியலார் பலர் இதை ஏற்கவில்லை. செய்முறையும் எழுத்தும் உரோம வழக்குக்கு ஒவ்வாதவை என்றும், தேய்மானத்தையும் மண்படிவையும் செயற்கையாக உண்டாக்க முடியும் என்றும் அவர்கள் மறுக்கின்றனர். மோசக்காரன் ஏன் இல்லாத பேரரசரைப் படைக்கவேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். அக்கேள்வியில் தேம்சு ஆற்றுப் பதக்கங்களுக்காக எழுந்த பழைய வாதத்தின் எதிரொலி இருக்கிறது.

நுண்ணோக்கியின் திறம் 1900ஐ விட 2022இல் எத்துணையோ மடங்கு பெருகியும், இவ்வழக்கு முடியவில்லை. டொமிடியானஸ் வழக்கோ எளிதில் முடிந்தது. ஒன்றுக்குப் பானையும் உடன்கிடந்த காசுகளும் இருந்தன. மற்றொன்றுக்கு ஒரு நாட்டின் பெயரும் ஓர் ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. எந்தக் குழியில், எவற்றோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்பதை 1713இல் எழுதிவைத்தவர் இல்லை.

நெப்ரா தகடு சொல்லும் பாடம்

கருவியேந்திய திருட்டின் விளைவுக்கு ஜெர்மனியில் ஒரு சான்று உண்டு. 1999இல் நெப்ரா ஊருக்கு அருகிலுள்ள மிட்டல்பெர்க் குன்றில், உரிமமின்றித் தேடிய இருவர் வெண்கலத் தகடொன்றைத் தோண்டியெடுத்தனர். ஞாயிறு, பிறை, விண்மீன்கள் ஆகியன பொன்னில் பதிக்கப்பட்ட அத்தகடு, 30 செ.மீ. அளவு விட்டமுள்ளது. உடன் வாள்கள், கோடரிகள், சுருள் கைவளைகள் இருந்தன. அவர்களின் கருவி பட்டுத் தகடு காயமுற்றது. மண் அடுக்குகள் கலைந்தன. மறுநாளே அது 31,000 மார்க்குக்குக் கைமாறியது. 2002இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், வாங்குபவர் போல் சென்ற தொல்லியலறிஞர் ஹரால்டு மெல்லரும் காவல்துறையும் அதை மீட்டனர்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஒரு வாதத்தை முன்வைத்தது: தகடே போலியானது என்பது. அதை மறுக்க உதவியவை தகட்டில் ஒட்டியிருந்த மண்ணும், குன்றில் எஞ்சியிருந்த குழியும். மண்ணின் தன்மை ஒத்தது. உடன்கிடந்த வாள்களின் வடிவும், வாட்பிடியிலிருந்த மரப்பட்டையின் கரிமக் கணிப்பும் புதைத்த காலத்தைக் கி.மு. 1600 அளவில் நிறுத்தின. ஆயினும் முறையான அகழாய்வு இன்மையால் ஐயம் முற்றும் ஒழியவில்லை. 2020இலும் அதன் காலத்தை மறுத்து ஆய்வாளர் இருவர் எழுத, மற்றவர் விடை எழுதினர். ஒரு பிற்பகலில் இருவர் தோண்டிய குழி, அறிஞர்களுக்கு இருபதாண்டு வழக்கைத் தந்தது.

அமராவதி மணலும் இழந்த சாட்சியமும்

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று தமிழர் ஒதுக்கிவிட இயலாது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை சேரர் காசுகளையும், உரோமானிய, கிரேக்கக் காசுகளையும் நெடுங்காலமாகத் தந்துள்ளது. 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' முதலிய பெயர்கள் பொறித்த காசுகள் அங்கிருந்தே வெளிப்பட்டன. பாண்டியரின் 'பெருவழுதி' எழுத்துக்காசும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. சங்க காலத் தமிழ் வேந்தர் தம் பெயரில் காசு வெளியிடவில்லை என்னும் பழைய கருத்தை இச்சிறு காசுகள் மாற்றின.

ஆனால் ஆற்றுமணலை அரித்துப் பொறுக்கிய காசுக்கு மண்ணடுக்கு இல்லை; உடன்கிடந்த பானையோட்டுத் துண்டும் இல்லை. எழுத்தின் வடிவையும் உலோகத்தையும் கொண்டே காலத்தைக் கணிக்கவேண்டியிருக்கிறது. அதனாலேயே கணிப்புகள் வேறுபடுகின்றன. விலை ஏற ஏறப் போலி செய்வோர்க்கும் ஊக்கம் பிறக்கும். ஆற்றில் கிடைத்தது என்று சொல்வதைப் பொய்யென நிறுவ எவராலும் முடியாது. ஒச்சாக்கோ வணிகர் சொன்னதும் அத்தகைய சொல்லே.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. கண்டதைச் சொன்னால் கையிலிருப்பது போய்விடும் என்னும் அச்சம், பல புதையல்களை இரவோடிரவாகத் தட்டார் உலைக்கு அனுப்பியிருக்கிறது. உருகிய பொன்னில் மாற்று மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.

வண்ணக்கர் காசைத் துளையிட்டுப் பார்த்தனர். ஏதென்சு நகரத்துச் சோதகர் வெட்டிப் பார்த்தார். பின்வந்தோர் நிறுத்தும் நுண்ணோக்கியால் நோக்கியும் பார்க்கின்றனர். இவையனைத்தும் காசைக் கேட்கும் கேள்விகள். காசு கற்றுக்கொடுத்த பொய்யைச் சொல்லக்கூடும். மண்ணைக் கேட்பதே மேலான சோதனை. வயலிலோ வீட்டுக் கடைக்காலிலோ ஒரு பானை தட்டுப்படும்போது, அதை அசைக்காமல், கழுவாமல், பிரிக்காமல், இடத்தைக் குறித்துவைத்து உரியவர்க்கு உரைப்பவர், தாம் அறியாமலே ஒரு வேந்தனை மீட்டுத் தரக்கூடும். சால்குரோவ் வயலில் பானையை உடையாமல் ஒப்படைத்தவர் செய்தது அதுவே. நாணயம் என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் அங்கேதான் முதற்பொருளைக் காக்கிறது.